பதினெட்டாம்படியான் முன்னாடி வாசிக்காத பட்டியல்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆணி அதிகம்னு வழக்கமான பொய்யைச் சொல்லலாம். உண்மை என்னன்னா, எழுத ஒரு விசயம் இருந்துச்சு, அதை எழுதலாமா கூடாதான்னு வீட்டுல பஞ்சாயத்து நடந்துச்சு. தீர்ப்பு வந்து ரெண்டு வாரம் ஆகுது. பதிவு கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல கொசுவத்திய சுத்திக்கிறேன்.

போன ஆடி மாசம் அழகர்கோவில்ல எங்க பங்காளிக எல்லாம் சேந்து கிடாவெட்டு. மதுரைக்காரங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. மத்தவங்களுக்காக: மதுரையிலேர்ந்து 20 கிலோமீட்டர் சொச்சத்துல மலையடிவாரத்துல அழகர் கோவில். உள்ள கள்ளழகர், வாசல்ல காவலுக்குப் பதினெட்டாம்படி கருப்பண்ணசாமி. கருப்புக்குச் சிலை கிடையாது. சந்தனம் பூசின கதவுதான் சாமி. அந்தக் காலத்துல தீராத வழக்கையெல்லாம் அங்க கொண்டாந்து சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க. கருப்பு முன்னாடி பொய் சொல்லிட்டு யாரும் ஊடு போய்ச் சேர முடியாதுங்கிறது நம்பிக்கை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது நகைப் பட்டியலை கருப்பு முன்னாடி வாசிச்சுக் காட்டிட்டுத்தான் கிளம்புவார், திரும்பி வந்ததும் மறுபடி வாசிச்சுச் சரிபாப்பாங்கன்னும் சொல்லுவாங்க. ஒரு நகைகூடக் கணக்குல விட்டுப்போகக் கூடாது.

அன்னிக்கு நான் கிடாவெட்டுக்கு நோட்டும் பேனாவுமாப் போயிருந்தேன். காரணம் எங்க சித்தப்பா. 44 வயசு. மலத்துல ரத்தம் போறதை ஒரு வருசமா மூலம்னு நினைச்சு, மருந்துக்கடையிலயும் டவுன்ல ஒரு கிளினிக்லயும் மாத்தி மாத்தி மருந்து வாங்கிச் சாப்பிட்டிருக்கார். கடைசியில பெருங்குடல்ல கட்டின்னு தெரிஞ்சு ஆபரேசன் பண்ணும்போது அது கல்லீரல் வரைக்கும் போயிருச்சு. பெரிய டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இது மாதிரி இருந்திருக்கா?" சித்தப்பா சொன்ன பதில்: "யாருக்கும் இல்ல சார்."

அந்த வயசுல வந்ததால டாக்டருக்கு நம்பிக்கை வரல. வெட்டி எடுத்த கட்டியை ஒரு பரிசோதனைக்கு அனுப்பிட்டு, குடும்ப மரம் ஒண்ணு வரைஞ்சு கொண்டு வாங்கன்னு சொல்லிட்டார். குடும்பத்துல லேப்டாப் வச்சிருக்கிறவன் நான். பாரம் என் தலையில.

பங்காளிக அத்தன பேரும் ஒரே இடத்துல கூடுற நாள் கிடாவெட்டுதான். ஒவ்வொருத்தராப் போய்க் கேட்டேன். "தாத்தா எதுல போனார்?" "வயித்துவலி." "பெரிய தாத்தா?" "ரத்தக்கடுப்பு." "அவருக்கு அண்ணன்?" "செய்வினைப்பா, சோத்துல மருந்து வச்சுட்டாங்க."

அப்புறம் அப்பத்தா கூப்பிட்டாங்க. "இங்க வாய்யா. இவங்களக் கேட்டா என்னா தெரியும்? நான் சொல்றேன் எழுதிக்க." எண்பதைத் தாண்டினவங்க, எழுதப் படிக்கத் தெரியாது. மடமடன்னு சொன்னாங்க. தாத்தா 47ல, வயித்துல கட்டி. அவரோட அண்ணன் 50ல, அதே கட்டி. கடைசியா, "உங்க தாத்தா கூடப்பொறந்தவ ஒருத்தி, மேலூர்ல கட்டிக்குடுத்தது. தீட்டு நின்ன பெறகு மறுபடி ரத்தம் போயி, துரும்பா எளைச்சுச் செத்தா."

பக்கத்துல இருந்த பெரியப்பா உடனே மறிச்சார்: "அது கணக்குல வராதுத்தா. கட்டிக்குடுத்த புள்ள. வேற குலசாமி."

அந்த ஒரு வரிதான் இந்தப் பதிவே. பெரியப்பா சொன்னது எவ்வளவு பெரிய தப்புன்னு சொல்ல ஒரு 130 வருச வரலாறு தேவைப்படுது.

*

1895. அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஆல்ட்ரெட் வார்தின்னு ஒரு நோய்க்கூறு மருத்துவர். அவர் வீட்டுக்குத் துணி தைக்கிற அம்மா ஒருநாள் சோகமா இருந்திருக்காங்க. என்னம்மான்னு கேட்டா, "நான் சின்ன வயசுலயே செத்துருவேன். எங்க குடும்பத்துல எல்லாரும் வயிறு, குடல், இல்லேன்னா கர்ப்பப்பை புத்துநோயிலதான் சாவாங்க"ன்னு சொல்லியிருக்காங்க. வேற யாராச்சும்னா "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா"ன்னு அனுப்பியிருப்பாங்க. வார்தின் நோட்டை எடுத்தார். அந்தம்மா சொல்லச் சொல்லக் குடும்ப மரம் வரைஞ்சார். ஆஸ்பத்திரிப் பதிவுகளோட சரிபாத்தார். 1913ல அதை ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டார். ஜெர்மனியிலேர்ந்து வந்து குடியேறின அந்தக் குடும்பத்துக்கு மருத்துவ உலகம் வச்ச பேரு 'ஜி குடும்பம்'. தையல்காரம்மா சொன்ன மாதிரியே கர்ப்பப்பை புத்துநோயிலதான் போய்ச் சேந்தாங்க.

வார்தினையும் சாமியாக்க வேண்டாம். 'நல்ல வித்து மட்டும் பெருகணும்'னு பேசின இனமேம்பாட்டுக் கொள்கை மேல அவருக்குப் பிடிப்பு இருந்துச்சு. குடும்பத்து ரகசியத்தை டாக்டர்கிட்ட சொல்ல ஏன் மக்கள் பயப்படுறாங்கன்னு கேக்குறவங்க இதையும் ஞாபகம் வச்சுக்கணும்.

அடுத்த ஆளு ஹென்றி லிஞ்ச். இளவயசுல குத்துச்சண்டை போட்டவர். 1962ல ஒமாஹா ஊர்ல ராணுவத்துல இருந்து வந்தவங்களுக்கான ஆஸ்பத்திரியில பயிற்சி டாக்டர். குடிச்சுக் குடிச்சு உடம்பு கெட்டுப்போய்ப் படுத்திருந்த ஒருத்தர்கிட்ட ஏன்யா இப்படிக் குடிக்கிறேன்னு கேட்டிருக்கார். "எங்க குடும்பத்துல எல்லாரும் குடல் புத்துநோயிலதான் சாவாங்க, நானும் அப்படித்தான் சாவேன், குடிக்காம என்ன பண்றது?"ன்னு பதில் வந்திருக்கு. லிஞ்சும், ஆன் க்ரஷ்னு ஒரு சமூகப் பணியாளரும் சேந்து வீடு வீடாப் போய் குடும்ப மரம் வரைய ஆரம்பிச்சாங்க. 1966ல ரெண்டு குடும்பங்களைப் பத்திக் கட்டுரை. அப்புறம் வார்தினோட பழைய நோட்டைத் தேடி எடுத்து, ஜி குடும்பத்தை மறுபடி கண்டுபிடிச்சு, 1971ல அந்தக் கதையையும் எழுதினாங்க.

யாரும் கண்டுக்கல. அப்ப புத்துநோய்னா புகை, ரசாயனம், வைரஸ். பரம்பரைன்னு சொன்னவரைப் பாத்துச் சிரிச்சாங்க, நிதி கேட்டப்போ மறுத்துட்டாங்க. மனுசன் விடல. இன்னிக்கு அந்த நோய்க்கூட்டத்துக்கு லிஞ்ச் சின்ட்ரோம்னே பேரு. 2019ல தன்னோட 91 வயசுல இறந்துபோனார்.

ரெண்டு கதையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரு தையல்காரம்மா, ஒரு குடிகாரர். மரபணு, டி.என்.ஏ எதுவும் தெரியாம, அவங்க போட்ட கணக்கு சரியா இருந்துச்சு. எங்க அப்பத்தா மாதிரி.

*

1990ல ஆம்ஸ்டர்டாம்ல கூடின டாக்டர்கள் ஒரு விதி எழுதினாங்க. நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், பச்சையான இஃப் கண்டிசன். 3-2-1: ஒரே குடும்பத்துல குடல் புத்துநோய் வந்தவங்க 3 பேர், அதுல ஒருத்தர் மத்த ரெண்டு பேருக்கும் பெத்தவங்க, பிள்ளை, கூடப்பொறந்தவங்கன்னு நெருங்கின ரத்தம், 2 தலைமுறை, 1 ஆளுக்காவது 50 வயசுக்கு முன்னாடி வந்திருக்கணும். அப்படின்னா பரம்பரைன்னு சந்தேகப்படு. 1999ல இதுல கர்ப்பப்பை புத்துநோயையும் சேத்துட்டாங்க.

இந்த விதியை ஓட்ட ரத்தம் வேணாம், மெசினும் வேணாம். உண்மையைச் சொல்ற ஒரு அப்பத்தா போதும். தாத்தா, தாத்தாவோட அண்ணன், சித்தப்பா. மூணு பேர், ரெண்டு தலைமுறை, மூணுல ரெண்டு பேர் 50ஐத் தொடல. எங்க குடும்பம் முப்பது வருசம் முன்னாடியே பாதி விதியைத் தாண்டியிருச்சு, கேக்க ஆளில்ல.

அப்புறம் மரபணு. 1993ல எம்.எஸ்.எச்.2, அடுத்த வருசம் எம்.எல்.எச்.1. நம்ம பாசையில சொன்னா இதுங்க எழுத்துப்பிழை திருத்துறவங்க. செல் பிரியும்போது கோடிக்கணக்கான எழுத்தை நகலெடுக்கணும், தப்பு வரும், இந்த ஆளுங்க பின்னாடியே போய்த் திருத்துவாங்க. அப்பாகிட்டேர்ந்து ஒரு நகல், அம்மாகிட்டேர்ந்து ஒரு நகல். ஒண்ணு பழுதாப் பொறந்தாலும் இன்னொண்ணு வேலையப் பாத்துக்கும். குடல்ல எங்கயோ ஒரு செல்லுல அந்த ரெண்டாவதும் போச்சுன்னா, திருத்த ஆளில்லாம பிழை மேல பிழை சேந்து கட்டியாகும்.

கவனிக்க வேண்டியது: எம்.எல்.எச்.1 இருக்குறது மூணாவது குரோமோசோம்ல. ஆண்-பெண் பேதம் கிடையாது. பழுது இருக்கிற ஒருத்தரோட ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனோ மகளோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. மேலூர்ல கட்டிக்குடுத்த பாட்டி கணக்குல வருவாங்க. அவங்களுக்கு வந்ததும் அநேகமா அதே நோய்தான். பெண்களுக்குக் கர்ப்பப்பையிலயும் வர்றது லிஞ்ச் சின்ட்ரோமோட அடையாளம். அவங்க பிள்ளைக, பேரப்பிள்ளைக இப்ப எங்கயோ வேற குலசாமியைக் கும்பிட்டுக்கிட்டு, இந்த விசயமே தெரியாம இருக்காங்க.

சரி, தெரிஞ்சு என்ன பிரயோசனம்? "தலையெழுத்து தெரிஞ்சா நிம்மதி போறதுதான் மிச்சம்"னு எங்க வீட்டுலயும் சொன்னாங்க. அதுக்குப் பதில் பின்லாந்துல இருக்கு. லிஞ்ச் குடும்பங்கள் 22, அதுல 252 பேரை 15 வருசம் தொடர்ந்து பாத்தாங்க. 133 பேர் மூணு வருசத்துக்கு ஒருக்கா குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாத்துக்கிட்டாங்க, 119 பேர் பாத்துக்கல. 2000ல முடிவு வந்துச்சு. பாத்துக்கிட்டவங்கள்ல 8 பேருக்குப் புத்துநோய், அதால ஒருத்தரும் சாகல. பாத்துக்காதவங்கள்ல 19 பேருக்கு வந்துச்சு, 9 பேர் செத்தாங்க. கேமராவுல பாக்கும்போது சின்னச் சின்ன மொட்டு மாதிரி இருக்குறதை அங்கயே கிள்ளி எடுத்துருவாங்க. அது கட்டியா ஆக வழியே இல்ல. தலையெழுத்தாவது ஒண்ணாவது.

*

இப்ப மதுரைக்கு வருவோம். மரபணுன்னாலே நம்மூர்க்காரங்களுக்கு ஞாபகம் வர்றது எம்130. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன், உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமத்துல ஒருத்தரோட ரத்தத்துல கண்டுபிடிச்ச அடையாளம். ஆப்பிரிக்காவுலேர்ந்து கடற்கரை ஓரமா ஆஸ்திரேலியா வரைக்கும் நடந்துபோன ஆதி மனுசங்களோட சுவடு. ஸ்பென்சர் வெல்ஸ் 2000-களின் ஆரம்பத்துல எடுத்த ஆவணப்படத்துல இது வந்து, ஊரே கொண்டாடிச்சு. 2005ல நேஷனல் ஜியாக்ரஃபிக் ஆரம்பிச்ச மரபியல் திட்டத்துக்கு இந்திய மையமே காமராசர் பல்கலைக்கழகம்தான். 2012ல தமிழ்நாட்டுல 31 சமூகங்கள், 1,680 ஆண்களோட ஒய் குரோமோசோமை அலசி ஒரு பெரிய கட்டுரையும் வந்துச்சு.

பெருமைதான். ஆனா ஒண்ணைக் கவனிச்சீங்களா? ஒய் குரோமோசோம் அப்பன்கிட்டேர்ந்து மகனுக்கு மட்டும் போறது. அதாவது நம்ம பங்காளிக் கணக்கு. வரலாறு தேட அது அருமையான கருவி. நோயைத் தேட அது போதாது.

நோயைத் தேடின கதையும் இதே பல்கலைக்கழகத்துல இருக்கு, அது அவ்வளவாப் பேசப்படல. இதயத் தசையைக் கட்டிவைக்கிற ஒரு புரதத்தோட மரபணுவுல 25 எழுத்து காணாமப் போன ஒரு பழுது. அது தெற்காசியாவுல நூத்துக்கு நாலு பேர்கிட்ட இருக்கு, இதயத் தசை நோயோட வாய்ப்பைக் கூட்டுதுன்னு 2009ல சொன்ன ஆய்வுல, காமராசர் பல்கலைக்கழகத்துல வேலை பாத்த தண்டபாணிக்கும், ஐதராபாத் சி.சி.எம்.பி-யோட தங்கராஜுக்கும் முக்கியப் பங்கு. நம்ம மக்களுக்குன்னு ஒரு ஆபத்துக் கணக்கு போட்ட முக்கியமான முயற்சிகள்ல ஒண்ணு. பின்னாடி வந்த ஆய்வுகள், அந்தப் பழுது இருக்குற எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லைன்னு கணக்கைத் திருத்திச்சு. கணக்குன்னா அப்படித்தான், போடப்போடத்தான் சரியாகும். போடாத கணக்குல திருத்த என்ன இருக்கு?

குடல் புத்துநோய்க்கு அந்தக் கணக்கு எப்படி இருக்குன்னு தேடினேன். இப்ப ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, லிஞ்ச் மாதிரி ஒரே பழுது பெரிய ஆபத்து. இன்னொண்ணு, நூத்துக்கணக்கான சின்னச் சின்ன வித்தியாசங்களைக் கூட்டி ஒரு மதிப்பெண். நம்ம சிபில் ஸ்கோர் மாதிரி வச்சுக்கங்க. ஸ்கோர் கூடின ஆளுக்கு முன்னாடியே பரிசோதனை, குறைஞ்ச ஆளுக்குப் பின்னாடின்னு ஒரு நாட்டு மக்களையே வரிசைப்படுத்தலாம்னு பேசுறாங்க. 2023ல வந்த பெரிய ஆய்வுல புத்துநோய் வந்தவங்க ஒரு லட்சத்துக்கு மேல, வராதவங்க ஒன்றரை லட்சத்துக்கு மேல. 205 இடங்கள்ல ஆபத்து இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. யாரோட ரத்தம் அது? ஐரோப்பிய வம்சாவளி, கிழக்காசிய வம்சாவளி. நம்ம ஆளு அதுல இல்ல. மும்பை ஆளோட வரவு செலவைப் பாக்காமலே அவருக்கு லண்டன்காரரோட கணக்கை வச்சு சிபில் ஸ்கோர் போட்டா எப்படி இருக்கும்? அதே கதைதான்.

இதுல நம்மளுக்குன்னு ஒரு தனிச் சிக்கல் வேற. நம்ம மக்கள் ஒரே மக்கள் இல்ல. ஏறத்தாழ ரெண்டாயிரம் வருசமா அவங்கவங்க சாதிக்குள்ளயே கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்திருக்கோம். ஒரு சின்னக் கூட்டத்துல முன்னோர் ஒருத்தர்கிட்ட இருந்த பழுது வெளிய போக வழியில்லாம உள்ளயே சுத்தும். 2017ல தங்கராஜும் ஹார்வர்டோட டேவிட் ரெய்க்கும் சேந்த குழு 263 தெற்காசியக் கூட்டங்களைப் பாத்ததுல, 81 கூட்டங்கள்ல இந்த முன்னோர் விளைவு பின்லாந்துக்காரங்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட பலமா இருந்துச்சு. ஆர்ய வைசியர்கள்ல சிலருக்கு ஒரு வகை மயக்க மருந்து குடுத்தா தசை எழுந்திருக்க வழக்கத்தைவிட ரொம்ப நேரமாகும்ங்கிறது இந்த வகைதான்.

அந்த யூதர்கள் கதையையும் சொல்லணும். 1997ல அவங்கள்ல நூத்துக்கு ஆறு பேர்கிட்ட ஏ.பி.சி-ங்கிற மரபணுவுல ஒரு மாற்றம் இருக்குன்னும், அது குடல் புத்துநோய் வாய்ப்பை ஏறக்குறைய ரெண்டு மடங்காக்குதுன்னும் தெரிஞ்சது. பின்லாந்துல எம்.எல்.எச்.1 பழுது பல குடும்பங்கள்ல ஒரே மாதிரி இருக்கவும், அதுக்குன்னே எளிமையா ஒரு டெஸ்ட் வச்சுக்கிட்டாங்க. நம்மூர்லயும் எந்தக் கூட்டத்துல எந்தப் பழுது சுத்துதுன்னு தெரிஞ்சா அதே மாதிரி செய்யலாம்.

நம்மூர்ல யாருமே தேடலைன்னு சொன்னா பாவம். அடையாறு புற்றுநோய் ஆராய்ச்சி மையத்துல டாக்டர் ராஜ்குமார் குழு இந்திய நோயாளிகள்கிட்ட இதே ரெண்டு மரபணுவையும் அலசி 2004லேயே கட்டுரை எழுதியிருக்காங்க. அழகர் மலைக்கு அந்தப்பக்கம் திண்டுக்கல் மாவட்டத்துல அம்பிளிக்கை புற்றுநோய்ப் பதிவேடு கிராமம் கிராமமாக் கணக்கெடுத்திருக்கு. 2025 ஜனவரியில ஜீனோம் இந்தியா திட்டத்துல பத்தாயிரம் இந்தியர்களோட முழு மரபணுத் தொகுப்பு ஆராய்ச்சியாளர்களுக்காகத் திறக்கப்பட்டுச்சு. நல்ல ஆரம்பம். ஆனா அது ஆரோக்கியமான ஆட்களோட வரைபடம். எந்த வீட்டுல யார் எதுல செத்தாங்கங்கிற இன்னொரு பாதி வீடுகளுக்குள்ளதான் இருக்கு.

*

மறுபடி கிடாவெட்டுக்கே வர்றேன்.

சித்தப்பா அன்னிக்குக் கறி தொடல. இலை முன்னாடி உக்காந்து ரசத்தை மட்டும் ஊத்திக்கிட்டு, நான் எழுதுறதையே பாத்துக்கிட்டிருந்தார். அப்பத்தா சொல்லி முடிச்சதும் என்கிட்ட மெதுவாச் சொன்னார்: "நான் டாக்டர்கிட்ட யாருக்கும் இல்லைன்னு சொன்னேன்டா. பொய்யுன்னு எனக்கே தெரியாது."

கட்டியோட பரிசோதனையில எம்.எல்.எச்.1 இல்லைன்னு வந்துச்சு. ரத்தத்துல பழுது உறுதி. சித்தப்பா தை மாசம் போய்ச் சேந்தார்.

எங்கப்பா டெஸ்ட்டுக்கு வரமாட்டேன்னார். அப்பத்தா ஒரே வார்த்த: "நான் ஒன்னையும் தூக்கிக் குடுக்கணுமாய்யா?" போனார். பழுது இருந்துச்சு. கேமரா விட்டதுல ரெண்டு மொட்டு, எடுத்தாச்சு. நல்லாருக்கார், வழக்கம்போல நியூஸ் சேனலைத் திட்டிக்கிட்டிருக்கார்.

அடுத்து நான். எனக்கும் இருக்கு. குடல் இப்போதைக்குச் சுத்தம். ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ பாத்துக்கணும். முந்தின நாள் குடிக்கிற அந்த மருந்துதான் கொடுமை, மத்தபடி ரிலீஸுக்கு முந்தின ராத்திரியை விட எவ்வளவோ தேவலாம் :-)

பஞ்சாயத்து வந்தது இங்கதான். எனக்கு ஒரே அத்தை. அத்தை மகளைத்தான் எனக்குன்னு சின்ன வயசுலேர்ந்து பேச்சு. நான் போய், "அத்தை, நீங்களும் டெஸ்ட் எடுக்கணும்"னேன். அத்தைக்கு வந்துச்சே கோவம். "கட்டிக்குடுத்துப் போனவ நான், என் குடும்பத்துல ஏன்டா சீக்கை ஒட்டுறே? விசயம் வெளிய தெரிஞ்சா எம்மகளை எவன் கட்டுவான்?"

அத்தையோட பயம் நியாயமானது. ஆனா நான் சொல்லாம விட முடியாத விசயம் ஒண்ணு இருக்கு. ஒரு நகல் பழுதா இருந்தா பெரியவனானப்புறம் ஆபத்து. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் அது இருந்து, பிள்ளைக்கு ரெண்டு நகலும் பழுதா வந்துட்டா, அது சின்ன வயசுலயே மூளை, ரத்தம், குடல்னு புத்துநோய் வர்ற ஒரு கொடிய நோய். அந்த மாதிரி ஜோடிக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. அத்தைகிட்ட பழுது இருக்க பாதிக்குப் பாதி. இருந்தா அவங்க மகள்கிட்ட இருக்க மறுபடி பாதி. முறைப்பொண்ணைக் கட்டுறது தப்புன்னு நான் பிரசங்கம் பண்ண வரல. பாக்காம கட்டினா, வரப்போற பிள்ளைக்கு யார் பதில் சொல்றது?

நாலு மாசம் பேச்சுவார்த்தை இல்ல. அம்மா என்னை இதைப் பத்தி எங்கயும் எழுதக் கூடாதுன்னுட்டாங்க, எனக்குப் பொண்ணு கிடைக்காதாம். ரெண்டு வாரம் முன்னாடி அத்தை மகளே போன் பண்ணுச்சு. "அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டேன். நானும் குடுத்துட்டேன். ரிசல்ட் என்னன்னு கேக்காத, சொல்லணும்னா நானே சொல்றேன். நீ எழுதணும்னு நினைச்சதை எழுது, எங்க பேரைப் போடாத." அவ்வளவுதான். பதில் என்னவா இருந்தாலும் அது அவளோடது, இங்க வராது. வீட்டு ரகசியம் வேற, ஒரு ஆளோட சொந்த விசயம் வேறங்கிறதை அவதான் எனக்குச் சொல்லிக்குடுத்தா.

இன்னும் ஒரு வேலை பாக்கி. மேலூர்ப் பாட்டியோட பிள்ளைகளைத் தேடணும். ரெண்டு தலைமுறையாப் போக்குவரத்து இல்ல. பெரியப்பாவே கிளம்பலாம்னு சொல்லியிருக்கார், "நம்ம ரத்தம்தானடா"ன்னு. போன ஆடியில கணக்குல வராதுன்னு சொன்ன அதே ஆளு.

அழகரோட நகைப் பட்டியலை வருசா வருசம் வாசிக்கிற அந்த வாசல்ல, வர்ற ஆடியில நான் எங்க பட்டியலை வாசிக்கப் போறேன். கட்டிக்குடுத்த பொம்பளைக பேரும் சேத்து.

பி.கு: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். உங்க வீட்டுல 50 வயசுக்குள்ள குடல் இல்ல கர்ப்பப்பை புத்துநோய்னு ஒருத்தர் இருந்தாக்கூட டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க. மலத்துல ரத்தம் போனா, மூலம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. இன்னிக்கு ராத்திரி உங்க அப்பத்தாவுக்கோ அம்மாச்சிக்கோ ஒரு போன் போடுங்க. அவங்ககிட்ட ஒரு பட்டியல் இருக்கும்.